உள்பக்கம் தேய்ந்த டயர்

டயரை வெளியில் நின்று பார்த்துவிட்டுப் பேசுகிறவர்களின் பேச்சைக் காளிச்சாமி காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். "பட்டனெல்லாம் புதுசாட்ட இருக்குதுங்களே" என்று வண்டிக்காரர் டயரின் மேல் எழும்பி நிற்கிற ரப்பர்க் கட்டைகளைச் செருப்பு முனையால் ஒரு தட்டு தட்டிக் காட்டுவார். காளிச்சாமி சாக்கை விரித்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, டயரின் உள்பக்கத்தைக் கையால் தடவுவார். உள்ளிருந்து வெளியே தடவினால் வழவழவென்று போய், திருப்பித் தடவும்போது அரம் மாதிரி கையைப் பிடித்தால் சக்கரம் உருளவில்லை, இழுபட்டுக்கொண்டு போகிறது என்று அர்த்தம். நடுவில் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் என்றால் அலைன்மென்ட் போய்விட்டது.

இதைச் சொல்லிச் சொல்லி அவருக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "காத்து கல்லாட்ட நிக்கோணுமுங்க, அப்பத்தான் மைலேஜ் வரும்" என்பார்கள். லட்சக்கணக்கில் கொட்டி சுமோ வாங்கத் தெரிகிறது; அத்தனை பெரிய வண்டி ரோட்டைத் தொடுகிற இடம் உள்ளங்கை அகல ரப்பர் நாலுதான் என்பது மட்டும் மண்டையில் ஏறுவதில்லை. என்ன செய்வது, ஊர் அப்படி.

காளிச்சாமி அவிநாசிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் பிறந்தவர். தாயும் தகப்பனும் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். பதினெட்டு வயதில் கோயமுத்தூருக்கு வந்து பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடித்தார். பிறகு பஞ்சர் ஒட்டினார். அப்புறம் கணபதியில் வெங்கடபதியின் பட்டறையில் சேர்ந்தவர்தான், இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. அவிநாசி ரோட்டில் அப்போதே கம்ப்யூட்டர் அலைன்மென்ட் வந்துவிட்டது என்றாலும், நாலு சக்கரத்துக்கும் நூல் பிடித்து அவர் நேராக்கிக் கொடுத்த வண்டிகள் அந்த வட்டாரத்தில் நிறைய ஓடின. மனைவி பாவாத்தாள் ஒரு மோட்டார் கம்பெனியில் காயில் சுற்றினாள். இரண்டு பெண் பிள்ளைகள். கடன் உடன் இல்லாத குடும்பம், நிம்மதியான சாப்பாடு.

குறை என்று சொன்னால் ஒன்றே ஒன்றுதான். யாருடைய முகமும் சுண்டிப்போகும்படி ஒரு வார்த்தை அவருக்குச் சொல்ல வராது. கொங்குச் சீமையில் அதைக் குறை என்று யார் சொல்வார்கள்? கோபம் வந்தால்கூட 'ங்க' போட்டுத் திட்டுகிற ஊர் அல்லவா இது. "எம் புருசன் வாயில இருந்து ஒரு 'வேண்டாம்' வாங்கறதுக்குள்ள நமக்கு உசுரு போயிரும்" என்று பாவாத்தாள் சிரிப்பாள். அவள் அப்படிச் சிரித்ததெல்லாம் தொண்ணூற்று ஏழாம் வருஷம் வைகாசி வரைக்கும்தான்.

அந்த வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு மாசாணம் சுமோவைக் கொண்டுவந்து நிறுத்தினான். அவன் சென்னிமலையின் டிரைவர். சென்னிமலை அடுத்த தெருக்காரர், பம்புசெட் பட்டறை வைத்திருந்தவர், நல்ல மனுஷர். மாசாணம் ஆனைமலைப் பக்கத்துப் பையன். முப்பது வயது, பீடி சிகரெட் கிடையாது, வண்டியைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது போலக் கழுவுவான்.

"ஏனுங்ணா, இடது பக்கம் இழுக்குதுங்ணா. நாலு மாசமாச் சொல்லிப்போட்டேன், இன்னிக்குத்தான் மொதலாளி சரின்னாரு. தாராபுரத்துல அவரு மகன் பெரிய தம்பிக்கு நிச்சயமுங்க. பத்தேகாலுக்குக் கெளம்போணும். நான் போய்க் குளிச்சுப்போட்டு வண்டிக்குப் பூ வாங்கிட்டு வாரேன்."

"போயிட்டு வா தம்பி, முடிச்சு வெக்கறேன்."

காளிச்சாமி வண்டிக்கு அடியில் படுத்து முன்பக்க இடது டயரைத் தடவினார். கை நின்றுவிட்டது. வெளியில் பார்த்தால் பட்டன் எழும்பி நின்று, ஒரு வருஷம் ஓடும் போல இருந்தது. உள்ஓரத்திலோ ரப்பரே இல்லை. ரப்பருக்கு அடியில் இருக்கிற நூல் வெளியே தெரிந்தது. ஒரு சாண் நீளத்துக்குப் பிய்ந்தும் இருந்தது. நாலு மாசமாகக் கோணிக்கொண்டு ஓடிய சக்கரம், உள்ஓரத்தை மட்டும் தின்று தீர்த்திருந்தது. ஸ்டெப்னியைப் பார்த்தார். அது சுத்த மொட்டை.

சரி, மாசாணம் வந்ததும் சொல்லி, பட்டறையில் இருக்கிற நல்ல டயர் ஒன்றை மாட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டார். பத்து நிமிஷ வேலை. முதலில் நூல் பிடித்து டை ராடைத் திருப்பிச் சக்கரங்களை நேராக்கினார். காற்றை முப்பத்திரண்டு பவுண்டு வைத்தார். அதற்குள் தெருமுனையில் பட்டுப்புடவைகள் தெரிந்தன.

பத்தரைக்கு ராகுகாலம். வண்டி வருகிறது வருகிறது என்று பார்த்துவிட்டு, நல்ல நேரம் போய்விடுமே என்று வீட்டில் எல்லோரும் வலதுகாலை எடுத்து வைத்துக் கிளம்பியே விட்டார்கள். தட்டுகளும் தேங்காய் பழமுமாகப் பத்துப் பேர் பட்டறைக்கே நடந்து வந்தார்கள். பின்னாலேயே மாசாணம், ஈரத் தலையோடு, கையில் பூச்சரத்தோடு ஓடி வந்தான். நல்ல காரியத்துக்கு வீட்டுப்படி இறங்கிவிட்டால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. எங்கே போகிறீர்கள் என்று கேட்கக் கூடாது. திரும்பிப் போகக் கூடாது. முக்கியமாக, இல்லை, வேண்டாம், ஆகாது என்கிற சொல் யார் வாயிலிருந்தும் காதில் விழக் கூடாது. விழுந்தால் அந்தக் காரியம் விளங்காது.

காளிச்சாமி கரிக் கையோடு எழுந்தார். எதிரே நிற்கக் கூடாது என்று தானாகவே ஓரமாக ஒதுங்கினார். அவரிடம் அதை யாரும் சொல்லவேண்டியதில்லை, பிறந்ததில் இருந்து ஒதுங்கிப் பழகிய உடம்பு. ஆனாலும் மனசு கேட்கவில்லை. சென்னிமலையின் மனைவி சாந்தாமணி பக்கத்தில் வந்தபோது மெல்ல வாயெடுத்தார்.

"ஏனுங்கம்மா, முன்னால டயரு ஒண்ணு…"

சாந்தாமணி கோபப்படவில்லை. சிரித்த முகமாகக் கையை லேசாக உயர்த்தினாள்.

"காளிச்சாமி, நல்ல காரியத்துக்குக் கால எடுத்து வெச்சாச்சுங்க. எதா இருந்தாலும் வந்து பேசிக்கலாங்க."

அவ்வளவுதான். "சரிங்கம்மா. போயிட்டு வாங்க" என்றார். சொல்லியிருக்கலாம், அந்த அம்மாள் முகம் சுண்டியிருக்கும், அபசகுனம் பிடித்தவன் என்று பத்துப் பேரும் மனசுக்குள் திட்டியிருப்பார்கள், ராகுகாலத்தில் கிளம்பியிருப்பார்கள். அதற்கு மேல் என்ன ஆகிவிடும்? அட, என்னதான் ஆகிவிடும்! ஆனால் சொல்லவில்லை. டிரைவர் சீட்டுப் பக்கமாக மட்டும் போய், "தம்பி, மெல்லப் போ. அம்பதத் தாண்டாத" என்றார். "சரிங்ணா" என்று மாசாணம் சாவியைத் திருப்பினான். எல்லோரும் எல்லா டிரைவருக்கும் சொல்கிற வார்த்தைதானே அது. வண்டி போய்விட்டது.

இப்படிப்பட்ட டயரோடு ஊட்டிக்குப் போய்வந்த வண்டியைக்கூடப் பார்த்திருக்கிறோம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். உள்ளே போய் ஒரு நல்ல டயரை எடுத்து, டியூபைப் போட்டு, காற்றுப் பிடித்து வாசலில் சாத்தி வைத்தார். சாயந்தரம் வந்ததும் முதல் வேலை இதுதான். நாலு மணிக்கு மேல் இரண்டு தடவை ரோட்டு முனை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வெங்கடபதிகூட, "என்ன காளிச்சாமி, உம்பட மகளுக்கா நிச்சயம்?" என்று கேலி செய்தார்.

ஐந்தரைக்குச் சேதி வந்தது. நிச்சயம் நல்லபடியாக முடிந்து, மூன்று மணி எமகண்டத்துக்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும் என்று அந்தக் கொதிக்கிற வெயிலிலேயே திரும்பியிருக்கிறார்கள். குண்டடம் தாண்டி, இடது பக்கப் புளியமரத்தில் வண்டி மோதிவிட்டது. முன்சீட்டில் இருந்த சென்னிமலை அந்த இடத்திலேயே போய்விட்டார். மற்றவர்களுக்குக் காயம். மாசாணத்துக்குத் தலையில் அடி, நினைவில்லை.

விருந்து சாப்பிட்ட களைப்பில் வண்டியில் இருந்த எல்லோரும் தூக்கம். 'படார்' என்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அது மரத்தில் மோதிய சத்தம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மோதின வேகத்தில் டயர் வெடித்தது என்று போலீசார் எழுதிக்கொண்டார்கள். பிரேக்கில் குறையில்லை, ஸ்டியரிங்கில் குறையில்லை. அப்புறம் என்ன? சொந்தக்காரர் ஒருவர் முதலில் சொன்னார்: "அவனுக்குக் கண்ணு சொருகிப்போச்சு." ரெண்டாவது ஆள் சொன்னபோது அது உறுதியானது. பதினாறாம் நாள் காரியத்துக்குள் ஊரே சொன்னது. தூங்கி மூஞ்சி டிரைவர் முதலாளியைக் கொன்றுவிட்டான்.

மூன்றாம் நாள் காளிச்சாமி போலீஸ் ஸ்டேஷன் வேப்பமரத்தடியில் நின்ற வண்டியைப் பார்த்துவிட்டு வந்தார். யாரும் தடுக்கவில்லை. குனிந்து பார்த்தார். டயர் கிழிந்திருந்தது உள்ஓரத்தில், அவர் கை நின்ற அதே இடத்தில். ரோட்டோரச் சாக்கடைப் பக்கம் போய் வாந்தி எடுத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் மாசாணம் கட்டோடு படுத்திருந்தான். இவரைப் பார்த்ததும் கண்ணில் தண்ணீர் விட்டான்.

"குண்டடம் வரைக்கும் நெனப்பிருக்குதுங்ணா. அதுக்கப்பறம் ஒண்ணுமே நெனப்பில்ல. தூங்கிட்டேன்ங்கறாங்க. நீங்க மெல்லப் போன்னு சொன்னீங்ளே, நான் கேக்காமப் போயிட்டனாட்ட இருக்குதுங்ணா."

"இல்ல தம்பி…" என்று ஆரம்பித்தார். அதற்குள் போலீஸ்காரர் ஒருவர் வந்து நின்றார். காளிச்சாமி எழுந்துவிட்டார். நேராகச் சாந்தாமணி அம்மாளிடமே போய்ச் சொல்லிவிடுவது, அவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் மாசாணம் தப்பித்துக்கொள்வான் என்று முடிவு செய்துகொண்டார். அவர் செய்த முடிவுகளிலேயே சரியான முடிவு அதுதான்.

காரியம் முடிந்த மறுநாள் போனார். சாந்தாமணி வெள்ளைப் புடவையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பதினாறு நாளில் பத்து வயது கூடியிருந்தது. இவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவளாகவே பேசினாள்.

"காளிச்சாமி, அன்னிக்குக் கெளம்பறப்ப நீங்க என்னமோ சொல்ல வந்தீங்க. நாந்தான் தடுத்துட்டேன். அதையே நெனச்சுட்டு இருக்கறனுங்க. ராவெல்லாம் அதுதான். என்னங்க அது? டயரப் பத்தி ஏதாச்சுமா?"

அவள் நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கண்ணைப் பார்த்தபோதுதான் காளிச்சாமிக்கு முழுதாக உறைத்தது. டயர் பிய்ந்திருந்தது என்று சொன்னால், அதைச் சொல்ல வந்த வாயை அடைத்தது யார்? தாலி அறுத்தவளிடம் போய், உன் கையை நீ தூக்கினாய் அம்மா, அதனால்தான் உன் புருஷன் செத்தான் என்று சொல்வதா? எந்த நாக்கு அதைச் சொல்லும்?

"ஒண்ணுமில்லீங்கம்மா. டயர்ல காத்து பாத்து வெச்சிருக்குது, பயமில்லாமப் போயிட்டு வாங்கன்னு சொல்ல வந்தனுங்க."

"நெசமாலுமுங்களா?"

"நெசமுங்கம்மா."

சாந்தாமணி பெருமூச்சு விட்டாள். பதினாறு நாளைக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவள் ஒரு கை சோறு தின்றாள் என்று பிறகு கேள்விப்பட்டார். ஒருத்தியைக் காப்பாற்றப் போய் இன்னொருவனைப் பாழுங்கிணற்றில் தள்ளிவிட்டோம் என்பது தெருமுனை திரும்பும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிப் போய்ச் சொல்ல மட்டும் கால் வரவில்லை.

வெங்கடபதியிடம் சொன்னபோது, "கேக்காத கேள்விக்கு நாம எதுக்குப்பா பதில் சொல்லோணும்?" என்றார். பாவாத்தாளிடம் சொன்னார். அவள் சுற்றிக்கொண்டிருந்த செம்புக் கம்பியைக் கீழே வைத்தாள்.

"அந்தம்மாவுக்கு நல்லவனாயிட்டீங்க. இந்தப் பையனுக்கு?"

"சொல்றேன் புள்ள. சமயம் பாத்துச் சொல்லிப்போடறேன்."

சமயம் என்ன, பட்டணத்து பஸ்ஸா, நின்று ஏற்றிக்கொண்டு போக? கேஸ் நடந்தது. மாசாணத்துக்காக வாதாடுவதற்கு மாசாணமே இல்லை. "தப்பு என்மேலதானுங்க, தூங்கிட்டனுங்க" என்று கூண்டில் நின்று சொல்லிவிட்டான். நினைவில்லாத பாவத்துக்கு அவனே சாட்சி. ஆறு மாசம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். லைசன்ஸ் போயிற்று. யாரும் சாவி கொடுக்கவில்லை. கொடுத்தாலும் அவன் வாங்கியிருக்க மாட்டான். பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிற வேலைக்குப் போய்ச் சேர்ந்தான் என்று தெரிந்தது.

இரண்டு வருஷம். காளிச்சாமி ஒவ்வொரு டயரின் உள்பக்கத்தையும் இரண்டு தடவை தடவிப் பார்த்தார். வருகிற வண்டிக்காரர்களிடம் எல்லாம் கடுமையாகப் பேசினார். "இந்த டயரோட போனீங்கன்னா செத்துப்போவீங்க" என்று நாள் கிழமை பார்க்காமல் முகத்துக்கு நேரே சொன்னார். காளிச்சாமிக்கு வாய் கெட்டுப்போய்விட்டது என்றார்கள். நாலு பேர் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். மாசாணத்திடம் சொல்லவேண்டிய அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

தொண்ணூற்று ஒன்பதில் சாந்தாமணியின் மகன் வீட்டை விற்றுவிட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு திருச்சிக்குக் குடிபோனான். அந்த வாரமே காளிச்சாமி பல்லடம் பஸ் ஏறினார். இனி அந்த அம்மாளின் முகத்தைத் தினம் பார்க்க வேண்டியதில்லை என்ற தைரியம்தான், வேறென்ன.

பண்ணைக்குள் கூரைக்கொட்டாய் ஒன்றில் மாசாணம் இருந்தான். முதலில் அடையாளமே தெரியவில்லை. முப்பத்திரண்டு வயதில் கன்னம் ஒட்டி, கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. அவன் மனைவி சென்னியம்மாள் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். புருஷன் கை கழுவப் போன நேரம் பார்த்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நீங்களாச்சும் சொல்லுங்ணா. படுக்கவே மாட்டேங்கறாருங்க. கண்ணு சொருகினாப் போதும், துள்ளி எந்திரிச்சு மொகத்துல தண்ணி அடிச்சுக்கறாரு. தூங்கித்தான் ஒரு உசுரக் கொன்னு போட்டேன், இன்னியும் தூங்கோணுமாங்கறாரு. மனுசன் எத்தன நாளைக்குங்ணா தூங்காம இருப்பாங்க?"

மாசாணம் வந்து தரையில் உட்கார்ந்தான். காளிச்சாமி ஸ்டூலை விட்டு இறங்கி அவனுக்கு எதிரே உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை. அன்றைக்குக் கை நின்ற இடம், பிய்ந்த நூல், மொட்டை ஸ்டெப்னி, தான் வாயெடுத்தது, வாயை மூடிக்கொண்டது, போலீஸ் ஸ்டேஷனில் பார்த்தது என்று ஒன்று விடாமல் சொன்னார்.

"நீ தூங்கல தம்பி. டயரு வெடிச்சுப்போச்சு. வெடிக்கும்னு எனக்குத் தெரியும். கொன்னது நானு."

மாசாணம் கேட்டுக்கொண்டே இருந்தான். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. இளகிய, நன்றியான சிரிப்பு.

"அண்ணா, உங்களுக்குப் பெரிய மனசுங்ணா."

"அட, நெசமாச் சொல்றேன் தம்பி!"

"எனக்குத் தெரியுமுங்ணா. யாரு மனசும் நோகறது உங்களுக்குப் பொறுக்காது. அந்தப் பட்டறைல இருவது வருசமா உங்க வாயில இருந்து ஒரு சுடுசொல் ஆரு கேட்டிருக்காங்க? இங்க வந்து எம்பட கோலத்தப் பாத்தீங்க. இவ என்னமோ பொலம்பியிருப்பா. பழிய உங்க தலைல போட்டுக்கிட்டா நான் தூங்குவேன்னு பாக்கறீங்க." அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்படி டயரு இருந்திருந்தா, நீங்க சொல்லாம வண்டிய அனுப்பியிருப்பீங்களா? பத்து உசுருங்ணா. உங்களப் போய் நான் அப்படி நெனப்பனா?"

காளிச்சாமி அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "வேணும்னா அந்த அம்மாகிட்டயே…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். தான் வாயெடுத்ததைக் கேட்ட சாட்சி உலகத்தில் அவள் ஒருத்திதான். அவளிடம்தான் நிஜமாகவே ஒன்றுமில்லை என்று சொல்லியாயிற்றே! இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தால், அன்றைக்கே கோர்ட்டில் சொல்லியிருந்தால் இவன் நம்பியிருப்பான். ஊரே நம்பியிருக்கும். இப்போது அது நிஜமாகத் தெரியவில்லை, ஆறுதலாகத் தெரிந்தது.

"எம் புள்ளைக மேல சத்தியமா…" என்று காளிச்சாமி வலது கையை நீட்டினார்.

மாசாணம் பதறிப்போய் அந்தக் கையைப் பிடித்து மடக்கினான்.

"வேண்டாமுங்ணா! எனக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணாதீங்க. அது உங்க புள்ளைகளுக்கு ஆகாது."

மடக்கிய கையை அவன் விடவே இல்லை. அடுப்படியில் இருந்த சென்னியம்மாளைக் கூப்பிட்டு, அண்ணன் அவ்வளவு தூரத்தில் இருந்து வந்திருக்கிறார், இலை போடு என்றான்.